பாவிக்கிற போத்தலையும் கையோடு கொண்டு வாருங்கள்

கிளினிக் நாளில் என் மேசைக்கு வருகிறவர்களிடம் சீனி எத்தனை என்று கேட்பதற்கு முதல், "இப்ப பாவிக்கிற போத்தலைக் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்பேன். காலையில் ஊசி குத்தி மருந்து எடுத்தார்களே, அந்த இன்சுலின் போத்தல்தான் எனக்கு வேண்டும். கொழும்பில் நீரிழிவு கிளினிக்குகளில் தாதியாக வேலை செய்யத் தொடங்கி இந்த வருடத்தோடு 17 வருடம். "ஊசி போட்டும் சீனி இறங்குதில்லை, டோஸைக் கூட்டுங்கோ" என்று வருகிறவர்களில் சிலருக்கு டோஸ் சரியாகத்தான் இருக்கும், போத்தல்தான் பிழைத்திருக்கும். இதை எனக்குக் கற்றுத் தந்தது அந்த மேசைதான்.

கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிற ஒரு அம்மா. 65 வயதிருக்கும். மூன்று மாதமாகச் சீனி 300க்குக் கீழே வரவில்லை. கைப்பையில் இருந்து ஒரு கைலேஞ்சி முடிச்சை எடுத்து அவிழ்த்து, போத்தலை மேசையில் வைத்தார். 30/70 கலவை இன்சுலின், அதாவது வேகமாக வேலை செய்வது 30 வீதமும் மெதுவாக வேலை செய்வது 70 வீதமும் கலந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அந்த மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினால் பால் மாதிரி ஒரே சீராக வர வேண்டும். எத்தனை தரம் உருட்டியும் இதில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. உட்புறக் கண்ணாடியில் உப்புப் பூத்தது போல ஒரு படை. லேபலுக்குச் சற்று மேலே, போத்தலின் தோளில், தலைமயிர் மாதிரி ஒரு கீறல். விரலை வைத்தேன், ஈரம். மூக்கருகே கொண்டுபோனதும் மணம் அடித்தது.

இன்சுலினுக்கு ஒரு மணம் உண்டு. புது பிளாஸ்டரைப் பிரிக்கும்போது வருமே, ஏறக்குறைய அது போல. கிருமி வளராமல் இருக்க அதில் சேர்க்கிற பீனோல், மெட்டாகிரெசோல் போன்றவற்றின் மணம் அது. போத்தலைச் சும்மா கையில் எடுக்கும்போதே அந்த மணம் வந்தால், எங்கேயோ வெடித்துக் கசிகிறதா என்று பாருங்கள்.

"எங்கேயும் கை தவறி விழுந்ததாம்மா?"

"இல்லைப் பிள்ளை, விழ விடுவேனா? பழுதாகக் கூடாதெண்டு ஐஸ் தட்டுக்குக் கீழயே பத்திரமா வைச்சிருக்கிறன்."

அந்தப் பத்திரம்தான் போத்தலை வெடிக்க வைத்தது. உறையும்போது தண்ணீரின் பருமன் கூடும், கண்ணாடி தாங்காது. கண்ணாடி தாங்கினாலும் மருந்து தாங்காது. இன்சுலின் ஒரு புரதம். ஒரு தரம் உறைந்தால் அதன் கட்டமைப்புக் குலைந்துவிடும். உருகிய பிறகு பார்க்க நல்லதாகவே தெரியலாம், அப்படியிருந்தாலும் பாவிக்கக் கூடாது. குளிர் கூடக்கூட நல்லது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். திறக்காத போத்தலுக்கு வேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியஸ், அவ்வளவுதான். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு நேர் கீழேயும், இரட்டைக் கதவு பிரிட்ஜில் குளிர்காற்று வருகிற பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். நடுத்தட்டு, முன்பக்கம், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். அதுதான் அதன் இடம்.

கதவில் முட்டை வைக்கிற குழி இருக்கிறதே, அதில் போத்தலைக் குத்தி வைக்கிற வழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அளவு அப்படியே பொருந்தும், அதனால்தான். ஆனால் பிள்ளைகள் தண்ணீர் எடுக்க ஒரு நாளைக்கு எத்தனை தரம் கதவை இழுக்கிறார்கள்? ஒவ்வொரு தரமும் போத்தல் குலுங்கும், சூடு ஏறி இறங்கும், ஒரு நாள் டைல்ஸ் தரையில் விழும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் அனெக்ஸ்களிலும் போர்டிங்குகளிலும் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். நாலு பேருக்கு ஒரு பிரிட்ஜ். ஒரு தம்பியின் போத்தலின் ரப்பர் மூடியைச் சுற்றிக் காய்ந்த மீன் இரத்தம் இருந்தது. மேல் தட்டில் யாரோ வைத்த மீன் பையில் இருந்து சொட்டியிருக்கிறது. அந்த ரப்பருக்குள்தான் அவர் தினமும் இரண்டு தரம் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார். பெயர் எழுதிய, இறுக்கி மூடுகிற பெட்டி ஒன்று போதும், உடைவதையும் அழுக்கையும் அது ஒன்றாகத் தடுக்கும். பெட்டிக்குள் பழைய சுத்தமான காலுறை ஒன்றைப் போத்தலுக்குப் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இப்போது ரப்பர் மூடிக்கு வருகிறேன். நான் அதிகம் சண்டை பிடிப்பது இதற்குத்தான்.

10 மில்லிலீற்றர் போத்தலில், ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு என்ற கணக்கில், 1000 அலகு இருக்கிறது. காலையில் 20, இரவில் 10 போடுகிறவருக்கு அது 33 நாளுக்கு வரும். 66 தரம் ரப்பரைக் குத்துகிறார். இரவில் மட்டும் 12 அலகு போடுகிறவருக்கு அதே போத்தல் 83 நாள் வரும். ஆனால் திறந்த போத்தலைப் பொதுவாக 28 நாளுக்கு மேல் பாவிக்கக் கூடாது. சில வகைகளுக்குக் கொஞ்சம் கூடுதலான நாள் உண்டு, அது பெட்டிக்குள் இருக்கும் துண்டில் போட்டிருக்கும். "பாதி மருந்து கிடக்கு மிஸ், எறிய மனம் வருதில்லை" என்கிறார்கள். எனக்கும் மனம் வராது, விலை தெரியும். ஆனாலும் திறந்த அன்றைக்கே திகதியைப் பேனையால் லேபலில் எழுதுங்கள். எழுதாத போத்தலின் வயதை எனக்கும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு தரமும் ரப்பரை அல்கஹோல் சுவாப்பால் துடைத்து, தானாகக் காய விடுங்கள். வாயால் ஊதிக் காய வைக்கிறவர்களை வாரத்தில் ஒருவரையாவது பார்க்கிறேன்; துடைத்த இடத்தில் வாய்க் கிருமியைத் திரும்பப் போடுகிற வேலை அது. குழாயில் கழுவுவதும் வேண்டாம். அடுத்த தரத்துக்குச் சுகம் என்று ஒரு ஊசியை ரப்பரிலேயே குத்தி நிற்க விடுவதும் வேண்டாம், அது கிருமிக்குத் திறந்து வைத்த கதவு. மழுங்கிய ஊசியால் திரும்பத் திரும்பக் குத்தினால் ரப்பரே துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து மருந்துக்குள் விழும். அந்தக் கறுப்புப் புள்ளிகளை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மருந்தை இழுக்க முதல், எடுக்கப்போகிற அளவுக்குக் காற்றைப் போத்தலுக்குள் விட மறக்காதீர்கள். விடாமல் இழுத்து இழுத்து எடுத்தால் உள்ளே வெற்றிடம் கூடி, மருந்து ஏற மறுத்து, குமிழி வரும். அப்புறம் போத்தலைத் தட்டுவதும் குலுக்குவதுமாக, கடைசியில் கை நழுவும். பல போத்தல்கள் உடைவது இந்த நேரத்தில்தான். கட்டிலில் அல்லது மெத்தையில் இருந்து எடுங்கள். குசினி மேசை ஓரத்தில் நின்றபடி வேண்டாம்.

தெளிந்த இன்சுலினையும் கலங்கிய இன்சுலினையும் ஒரே சிரிஞ்சில் சேர்த்துப் போடச் சொல்லியிருந்தால், தெளிந்தது முதல், கலங்கியது பிறகு. மாறி எடுத்தால் கலங்கிய மருந்து ஊசி வழியே தெளிந்த போத்தலுக்குள் போய்விடும். கிருமி படாவிட்டாலும் அதுவும் மாசுதான். உடனே வேலை செய்ய வேண்டிய மருந்தின் வேகம் அதனால் குறையும்.

இதைவிடப் பெரிய கவலை எனக்கு ஒன்று உண்டு. கணவன், மனைவி இருவருக்கும் சீனி வருத்தம், இருவருக்கும் ஒரே வகை இன்சுலின், அதனால் ஒரே போத்தல். ஊசியை ஆளுக்கொன்றாக வைத்திருப்பார்கள், ஆனால் அதே ஊசியை நாலைந்து நாள் பாவிப்பார்கள். உடம்பில் போட்ட ஊசி திரும்பப் போத்தலுக்குள் போகும்போது கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் கூடப் போகும். போத்தலில் உள்ள தடுப்புப் பொருட்கள் பக்டீரியாவை அடக்கும், ஹெபடைடிஸ் பி போன்ற வைரசை அடக்காது. ஒரே கட்டிலில் படுக்கலாம், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம், போத்தல் மட்டும் ஆளுக்கொன்று. மருந்தே இரண்டு பேருக்கும் எழுதித் தருகிறார்கள், அப்புறம் ஏன் ஒன்றாக்குவான்?

கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு போகிற வழியும் கவனம். பிளாஸ்க்கில் ஐஸ் துண்டுகளைப் போட்டு, அதற்குள்ளேயே போத்தலை மூழ்க வைத்துக்கொண்டு காலி வீதி பஸ்ஸில் நெருக்குப்பட்டுப் போவார்கள். ஐஸ் நேரே படக் கூடாது. உருகிய தண்ணீரில் லேபல் ஊறிக் கழன்றுவிடும். லேபல் போன போத்தல்கள் ஒன்றுபோலவே இருக்கும். எது எதென்று தெரியாத போத்தலைப் பாவிக்கவே கூடாது. துணியில் சுற்றி, சின்ன டிபன் பெட்டியில் போட்டு, அதைக் குளிர்ப்பையில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைக்காதீர்கள், அங்கே வெக்கை அதிகம். விமானத்தில் போனால் கைப்பையில்தான், சரக்கறைப் பெட்டியில் உறைந்துபோகலாம்.

சென்னையில் இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்து கொடுத்த போத்தலும் என் மேசைக்கு வரும். இந்தியப் போத்தல்களில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகுதான் இருப்பது வழக்கம். இங்கே நாங்கள் பாவிக்கிற ஆரஞ்சு மூடிச் சிரிஞ்ச் 100க்கு உரியது. இந்தச் சிரிஞ்சால் அந்த மருந்தை எடுத்தால் பாதிகூட உடம்பில் சேராது. அங்கத்தைய சிவப்பு மூடிச் சிரிஞ்சால் இங்கத்தைய மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறும், ஆளே மயங்கி விழலாம். போத்தலில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கே இல்லை. எல்லோருக்கும் ஒன்றையே சொன்னேன்: பிரிட்ஜைத் திறக்காதீர்கள், பாவிக்கிற போத்தல் வெளியே நிழலான இடத்தில் இருக்கலாம், பயந்து ஐஸ் பெட்டிக்குள் தள்ளாதீர்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், 25க்கும் 37 பாகைக்கும் இடையே ஏறி இறங்கிய வெப்பத்தில் 4 வாரம் இருந்த இன்சுலின்கூட வீரியம் குறையாமல் இருந்தது. நம் வீட்டு நிழலுக்கு அந்தளவு பயப்படத் தேவையில்லை. மண் சட்டியில் ஈர மணல் போட்டு நடுவில் வைக்கிற முறையும் உதவும், ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் யாழ்ப்பாணத்து வெயிலில் போல அது குளிராது. மணல் போத்தலில் படாமல் மூடியுள்ள சின்னப் பாத்திரத்துக்குள் வையுங்கள்.

சரி, இவ்வளவு கவனித்தும் இரவு ஒன்பது மணிக்குப் போத்தல் விழுந்து உடைந்துவிட்டது. அடியில் மிஞ்சியதை உறிஞ்சி எடுக்கலாமா என்று கேட்காதீர்கள். கண்ணாடித் தூள் கண்ணுக்குத் தெரியாது. கையால் பொறுக்காமல் ஈரக் கடதாசியால் ஒற்றி எடுத்து, பாவித்த ஊசிகளை எறிகிற தடித்த பிளாஸ்டிக் போத்தலுக்குள் போடுங்கள். முதலாம் வகை நீரிழிவு (உடம்பு தானாக இன்சுலின் சுரக்காத வகை) உள்ள பிள்ளை என்றால் காலை வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது, இன்சுலின் நின்றால் சில மணித்தியாலங்களிலேயே உடம்பில் அமிலம் ஏறத் தொடங்கும். மாற்றுப் போத்தல் ஒன்று வேறொரு பெட்டியில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் பக்கத்து வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது கிளினிக் கொப்பியோடு, உடைந்த போத்தலின் லேபல் ஒட்டிய துண்டையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டு போங்கள். எந்த மருந்து என்று டொக்டர் பார்த்து எழுத அது போதும்.