பழைய கார் கிளம்பும், சரி... நிற்குமா?

பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எஞ்சின் ஓடுமா?" என்பதுதான். பெரும்பாலும் ஓடிவிடும். முதலில் கையால் சுற்றிப் பார்த்து, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைச் சரிசெய்து, புது பேட்டரி, புது பெட்ரோல் போட்டால் இருபது வருடம் நின்ற வண்டிகூட இருமிக்கொண்டே கிளம்பிவிடும். எனக்குப் பயம் அப்போதுதான் ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா ஓட்டியது, தாத்தா துடைத்து வைத்தது எல்லாம் நினைவுக்கு வரும். "ஒரே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடுறேன்" என்று சாவிக்குக் கை நீட்டுவார்கள்.

நின்றே இருக்கும் காரில் இரும்பைவிட ரப்பர்தான் முதலில் கெடுகிறது. டயர், பிரேக் ஆயில் போகும் ஹோஸ், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் சின்ன வாஷர், பெட்ரோல் குழாய் எல்லாம் ரப்பர். பெயின்ட், குரோமியம் என்று பார்த்துப் பார்த்துச் செலவழிப்பவர்கள் இதை மட்டும் பார்ப்பதில்லை, ஏனென்றால் வெளியில் தெரியாது.

சமீபத்தில் லாரியில் ஏறி வந்த ஒரு வண்டியின் டயர்களில் பட்டன் அப்படியே இருந்தது. "தேயவே இல்லையே, எதுக்கு மாத்தணும்?" என்றார் உரிமையாளர். டயரின் பக்கச்சுவரில் 'டாட்' (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணைக் காட்டினேன். 2000 முதல் அதன் கடைசி நான்கு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும் வருடத்தையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். அவருடைய டயரில் இருந்தவை மூன்றே இலக்கங்கள். அதாவது, போன நூற்றாண்டு டயர். கட்டை விரலால் பக்கச்சுவரை அழுத்தினேன், முடி போல ஓடிய வெடிப்புகள் வாய் பிளந்தன. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரை, ஸ்டெப்னி உட்பட, மாற்றிவிடச் சொல்கின்றன பல டயர் நிறுவனங்கள்.

பழைய பந்தயங்களின் கதை பேச ஆரம்பித்தால் எனக்கும் வேலை ஓடாது. 1955இல் மில்லே மிலியா என்ற சாலைப் பந்தயத்தில் பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆரில் இத்தாலியின் சாதாரணச் சாலைகளில் சுமார் 1,600 கிலோமீட்டரைப் பத்து மணி ஏழு நிமிடத்தில் கடந்தார். பக்கத்தில் வழி சொல்ல டெனிஸ் ஜென்கின்சன், கையில் வழிக்குறிப்பு எழுதிய காகிதச் சுருள். இதை எல்லோரும் சொல்வார்கள். 1957இல் அதே பந்தயத்தில் அல்ஃபோன்சோ டி போர்ட்டாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்து, அவரும் உடன் சென்றவரும், வேடிக்கை பார்க்க நின்ற ஒன்பது பேரும் இறந்ததையும், அத்தோடு அந்தச் சாலைப் பந்தயம் பழைய வடிவில் முடிந்துபோனதையும் சொல்கிறவர்கள் குறைவு.

அப்புறம் பிரேக். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக் சூடானால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் கட்டும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். போதாக்குறைக்கு அதே ஈரம் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய ஹோஸ் வெளியே கறுகறுவென்று நன்றாகத்தான் தெரியும். உள்ளே வீங்கியிருந்தால் மிதிக்கும்போது ஆயில் போகும், விட்ட பிறகு திரும்பி வராது. ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால், முதலில் ஹோஸைச் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று, பல பழைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். எங்கே ஒழுகினாலும் மொத்தமும் போச்சு. போதாததற்கு டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்பக்கத்தில் லைனிங் என்ற உராய்வுப் பட்டை அழுந்தி நிறுத்தும். சூடானால் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். 1953இல் ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்கோடு வந்து பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதற்கு இந்தத் தொல்லை இல்லாதது ஒரு முக்கியக் காரணம். டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் நுரையீரலுக்கு ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டி, அபாயகரமான கழிவாக அப்புறப்படுத்துங்கள்.

பெட்ரோல் குழாயும் அப்படித்தான். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் "பழைய கார்னா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. மாற்றினால் 'ஒரிஜினாலிட்டி' போய்விடுமாம். அந்தக் காலத்திலேயே வாழ்ந்து பந்தயம் ஓட்டியவர் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட். 1966இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் மழையில் கார் மோதி, பெட்ரோல் சொட்டச் சொட்ட உள்ளே மாட்டிக்கொண்டார். ஸ்டியரிங்கைக் கழற்ற அங்கே ஸ்பானர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவரிடம் சக ஓட்டுநர்கள் இரவல் வாங்கித்தான் மீட்டார்கள். அதன்பின் அவர் காரில் எப்போதும் ஒரு ஸ்பானர் ஒட்டியிருந்தது. பாதுகாப்புக்காகப் பல வருடம் எல்லோரிடமும் சண்டை போட்டார்.

இன்றும் பழைய பந்தயக் கார்களை ஓட்டும் போட்டிகள் நடக்கின்றன. அந்தக் கார்கள் 1950களின் டயரில் ஓடுவதில்லை. பழைய வார்ப்பிலேயே புதிதாகத் தயாராகும் டயர்கள் கிடைக்கின்றன. எஞ்சின் எண், உடல், டேஷ்போர்டு எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பழைய டயர்தான் பிரியம் என்றால் கழற்றி மூலையில் வையுங்கள், கண்காட்சியன்று மாட்டிக்கொள்ளலாம். சாலைக்கு வரும் அன்று மட்டும் புது டயர், புது ஹோஸ், புது பிரேக் ஆயில், கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான். முதல் ஓட்டம் பட்டறை வாசலுக்குள்ளேயே நடைவேகத்தில், பிரேக்கை மட்டும் நாலைந்து தடவை மிதித்துப் பார்க்க.