கேஸ்லைட்டர்: விளக்கு ஏற்றுபவர் அல்லர், மதிமருட்டி

டெக்சாஸில் தொடங்கிய கன்ட்ரி இசைக் குழுவான 'டிக்ஸி சிக்ஸ்' (Dixie Chicks), 2020 மார்ச்சில் 'கேஸ்லைட்டர்' என்ற பாடலை வெளியிட்டது. அடிமைமுறைக் காலத் தென்மாநிலங்களை நினைவூட்டும் 'டிக்ஸி'யை அதே ஆண்டு ஜூனில் உதறிவிட்டு, வெறும் 'சிக்ஸ்' ஆன குழு அது. பாடலின் தலைப்பைத் தமிழில் 'எரிவாயு விளக்கு ஏற்றுபவர்' என்று பெயர்க்கிறார்கள். மொழிபெயர்ப்புக் கருவி கொடுத்ததை அப்படியே எடுத்து ஒட்டினால் இப்படித்தான் வரும். எரிவாயு விளக்கு ஏற்றுபவர் என்றால், அந்திநேரத்தில் கோலோடு தெருவிளக்கு ஏற்றிப்போன பழைய காலத் தொழிலாளி. பாடலில் இருப்பவனோ துரோகம் செய்துவிட்டு அதை மறுத்து, மனைவியையே குழப்பிய முன்னாள் கணவன். பாடகி நாடலி மேய்ன்ஸ் தம் மணமுறிவை ஒட்டி, இசைத் தயாரிப்பாளர் ஜாக் ஆன்டனாஃபும் குழுவினரும் உடனிருக்க எழுதிய பாடல் இது.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய 'கேஸ் லைட்' என்ற நாடகம் 1940இல் பிரிட்டனிலும் 1944இல் ஹாலிவுட்டிலும் படமானது. இரண்டாவதில் நடித்த இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கொலையுண்ட பெண்ணின் நகைகளைத் தேடி, கணவன் இரவில் யாருக்கும் தெரியாமல் மாடி அறைக்குப் போய் அங்கே விளக்கைக் கொளுத்துவான். ஒரே குழாயில் வரும் வாயு பங்கிடப்படுவதால் கீழே மனைவியின் அறையில் சுடர் மங்கும். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்பவைக்க, ப்ரூச் என்ற ஊசி நகையை ஒளித்துவைத்து 'நீதான் தொலைத்தாய்' என்பான், சுவரிலிருந்த படத்தை எடுத்துவிட்டு 'நீதான் எடுத்தாய்' என்பான். கதை பரவியபின், ஒருவரைத் தன் கண்ணையும் நினைவையுமே சந்தேகிக்கவைப்பது என்ற பொருளில் நாடகத்தின் பெயர் வினையானது, உளவியல் எழுத்துகளில் ஏறியது. 2022இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 'கேஸ்லைட்டிங்' என்பதை ஆண்டின் சொல்லாகவே அறிவித்தது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சுடர் மங்கியது கணவன் போட்ட சதியன்று, அவன் எண்ணாமல் விட்ட தடயம். துப்பறிய வந்தவனும் அதே சுடர் மங்குவதைக் கண்டு சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன் கண்மேல் நம்பிக்கை திரும்புகிறது. கதையில் விளக்கு அவளைக் காப்பாற்றிய சாட்சி. அதை ஏற்றுவதைக் கொடுமையின் பெயராகத் தமிழில் சொல்லுக்குச் சொல் வைப்பது கதை தெரியாதவருக்குப் புரியாது, தெரிந்தவருக்கோ நேர்மாறாகப் படும். ஆங்கிலத்தில் அது படத்தின் பெயர் என்பதால் நிற்கிறது. தமிழில் அந்தப் பின்புலம் இல்லை. 'கேஸ்லைட்டிங்' என்று ஒலிபெயர்த்தாலும் தீராது. தமிழ்க் காதில் 'கேஸ்' என்பது நீதிமன்ற வழக்கு அல்லது சமையலறை சிலிண்டர்.

இதைவிடத் தீங்கான பெயர்ப்பு 'மூளைச்சலவை'. தமிழ்போலவே ஒலிப்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. அது சீனச் சொல் ஒன்றின் வழியாக 1950களில், கொரியப் போர்க்காலத்தில் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நமக்கு வந்த சொல். அந்த வரலாறு குற்றமில்லை. பொருள்தான் பொருந்தவில்லை. மூளைச்சலவை செய்யப்பட்டவன் ஒரு கொள்கையை ஐயமின்றி நம்புவான். இந்தக் கொடுமைக்கு ஆளானவளுக்கோ எதிலும் உறுதி இருக்காது. தான் கண்டதை, கேட்டதை, நினைவில் வைத்திருப்பதையே நம்பமாட்டாள். அங்கே ஒரு நம்பிக்கை உள்ளே திணிக்கப்படுகிறது, இங்கே இருந்த நம்பிக்கை உருவப்படுகிறது. ஆலோசகரிடம் 'என்னை மூளைச்சலவை செய்தார்' என்று ஒரு பெண் சொன்னால், கேட்பவர் மதமாற்றத்தையோ அரசியல் குழுவையோ தேடிப் போவார். வீட்டுக்குள் நடந்தது கவனத்துக்கே வராது.

'உளவியல்ரீதியான கையாளுதல்' என்பது இன்னொன்று. கையாளுதலில் தீமை எங்கே இருக்கிறது? ஆட்சியர் நிலைமையைக் கையாள்கிறார், புலவர் உவமையைக் கையாள்கிறார். ஆங்கிலச் சொல்லில் சூழ்ச்சிப் பொருள் ஒட்டியிருக்கிறது, தமிழ்ச் சொல்லில் இல்லை. அகராதியில் முதலில் வருவதை எடுத்து, 'ரீதியான' என்று ஓர் ஒட்டுப் போட்டுவிட்டால் கலைச்சொல் பிறந்துவிடும் என்ற பழக்கம் நம் செய்திமொழியைக் கெடுத்துவருகிறது. சூழ்ச்சி, வசப்படுத்தல், ஆட்டிவைத்தல் என்று இடத்துக்கேற்ற சொற்கள் இருக்கும்போது எல்லாவற்றையும் 'கையாளுதல்' என்பது சோம்பல். இதில் செய்பவனுக்குப் பெயரும் கிடைக்காது. பாடல் தொடங்குவதே குழுவின் மூன்று பெண்களும் சேர்ந்திசையில் 'கேஸ்லைட்டர்' என்று விளிப்பதில்தான், அடுத்த சொல் மறுப்பவனே என்பது. குற்றவாளியை முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அழைக்கும் பாட்டுக்கு 'உளவியல்ரீதியாகக் கையாளுபவர்' என்று மரியாதைப் பன்மையில் தலைப்பு வைப்பது அந்தக் கோபத்தையே அவித்துவிடும்.

வேண்டிய வேர் குறளில் இருக்கிறது. மெய்யுணர்தல் அதிகாரத்தின் முதற்குறள் 'பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்' என்கிறது. உள்ளது எது, இல்லாதது எது என்று அறிவு தடுமாறுவதே மருள். வள்ளுவர் பேசுவது மெய்ஞ்ஞானம் பற்றி என்றாலும் சொல்லின் கரு அதுதான். உருள், உருட்டு, திரள், திரட்டு, புரள், புரட்டு என்பதுபோல மருள் என்ற தன்வினைக்கு மருட்டு பிறவினை. ஒருவர் தானே மருள்வது வேறு, இன்னொருவர் அவரை மருட்டுவது வேறு என்பதை இலக்கணமே பிரித்துக் காட்டுகிறது.

மருட்டல் என்று தனியாக எழுதினால் மிரட்டல் என்று கொள்ள இடமுண்டு. அதனால் மதி சேர்த்து மதிமருட்டல் என்பதே தெளிவு. மதி தமிழா என்று கேட்பவர்களுக்கு: மதிநுட்பம் என்று வள்ளுவரே எழுதிய பிறகு அதை விலக்கத் தேவையில்லை. தூய்மையைவிடப் பொருள் துலங்குவது முக்கியம். செயல் மதிமருட்டல், செய்பவன் மதிமருட்டி, ஆளானவர் மதிமருண்டவர். 'அவன் அவளை மதிமருட்டினான்' என்று வினையாகவும் ஓடும். பேச்சுவழக்கில் 'பைத்தியக்காரப் பட்டம் கட்டுதல்' ஏறக்குறைய இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் பட்டம் ஊரார் முன்னிலையில் கட்டப்படுவது. மதிமருட்டலில் கடைசியில் அவளே அந்தப் பட்டத்தை நம்பத் தொடங்குகிறாள்.

எல்லாப் பொய்யையும் இப்படிச் சொல்லக் கூடாது. ஆங்கிலத்தில் இன்று கருத்து மாறுபட்டாலே இந்தப் பழி விழுகிறது, அந்த நோயையும் சேர்த்து இறக்குமதி செய்யவேண்டாம். 'நேற்று நான் அங்கே போகவில்லை' என்பது பொய். 'நான் போனதாக நீ பார்த்திருக்க முடியாது, உனக்குக் கொஞ்சநாளாகவே ஞாபகம் சரியில்லை' என்பதில்தான் மதிமருட்டல் தொடங்குகிறது. மறுப்பு நிகழ்ச்சியிலிருந்து நழுவிப் பார்த்தவரின் புலனறிவுக்குத் தாவவேண்டும், அது திரும்பத் திரும்ப நடக்கவேண்டும், அவருடைய சொல்லுக்கு மதிப்பில்லாமல் ஆக்குவதால் மறுப்பவருக்கு ஆதாயம் இருக்கவேண்டும். பாடலில் வரும் கணவனிடம் இவை கூடியிருக்கின்றன. அவளுடைய படகில் அவன் செய்தது என்ன என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவனோ மறுத்துக்கொண்டே இருக்கிறான். ஆகவே அந்தத் தலைப்பைத் தமிழில் 'மதிமருட்டியே' என்று விளியாக வைக்கலாம்.