ஐன் மீது பழி போடாதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. மூவரும் மேற்கத்திய இசை நாடகமான ஆபரா படித்த ஸோப்ரானோக்கள் (உச்சக் குரலில் பாடும் பெண்கள்), அரபு மரபிசை பாட ஆசைப்பட்டவர்கள். மூவருக்கும் குரல்நாணில் வீக்கம். மூன்றாவது பெண் நாற்காலியில் உட்காரும் முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "அந்த ஐன் எழுத்துதான் டாக்டர் என் தொண்டையைக் கெடுத்துவிட்டது. ஆபரா மாஸ்டர் அப்போதே சொன்னார்." வளைகுடாவில் குரல் சிகிச்சை பார்க்கும் எனக்கு இந்த வசனம் மனப்பாடம்.

ஐன், அரபியில் அடித்தொண்டையில் பிறக்கிற எழுத்து. 'ஹபீபி'யின் முதல் எழுத்தும் அதே இடம்தான். நாவின் அடிப்பகுதி பின்னால் போய்த் தொண்டைச் சுவரை நெருங்கும். நெருக்கம் அங்கே, குரல்நாண் இருப்பதோ அதற்குக் கீழே. ஆபரா வகுப்பில் "தொண்டையைத் திற, கொட்டாவி விடுகிற மாதிரி திற" என்று வருடக்கணக்கில் கேட்டவர்களுக்கு, அங்கே எது குறுகினாலும் குற்றமாகத் தெரிகிறது. ஐன் குரலைக் கெடுக்குமென்றால் அரபி பேசும் 30 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என் வாசலில் வரிசை கட்ட வேண்டும். எகிப்தின் புகழ்பெற்ற பாடகி உம்மு குல்தூம் சிறுவயதில் குர்ஆன் ஓதிப் பழகியவர். பிற்காலத்தில் ஒரே பாட்டை ஒரு மணி நேரம் பாடினார். எத்தனை ஐன் வந்திருக்கும், எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் தகராறு எங்கே? அந்தப் பெண்ணைப் பாடச் சொன்னேன். மக்காம் என்பது அரபிசையில் நம் ராகம் மாதிரி. அதில் ராஸ்த் என்ற மக்காமின் மூன்றாவது சுரம் பியானோவில் கிடையாது. வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் நிற்பது. எகிப்தில் கொஞ்சம் இறக்கியும் சிரியாவில் கொஞ்சம் ஏற்றியும் பாடுவார்கள். ராகம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனால் ஆபராக் குரல் சுரத்துக்கு மேலும் கீழும் நொடிக்கு ஐந்தாறு தடவை ஊசலாடும், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய கால் சுரம். தேடுகிற கால் சுரம் அந்த ஊசலிலேயே தொலைந்துவிடும். ஊசலை நிறுத்த அவர் கழுத்தை இறுக்கினார். காதுக்குக் கீழே தசை கயிறு போலப் புடைத்தது, தாடை முன்னால் நீண்டது. ஐன் வந்த இடங்களில் கழுத்து சும்மா இருந்தது.

இன்னொன்று மைக். ஆபராவில் அது இல்லாமலே வாத்தியக் குழுவைத் தாண்ட வேண்டும். இங்கே மைக் கையில் இருக்கிறது, சுருதியும் கீழே. கீழ்ச்சுருதியிலும் பழைய பலத்தில் தள்ளினால் குரல்நாண் என்ன செய்யும், பாவம்.

ஆபராவும் அரபுப் பாட்டும் ஒரே தொண்டையில் சேராது என்கிற மாஸ்டர்கள், 1944இல் மறைந்த பாடகி அஸ்மஹானைக் கேட்கட்டும். அரபுப் பாட்டின் நடுவே ஆபரா உருட்டல்களை எவ்வளவு லேசாகப் போடுகிறார்! இன்று கெய்ரோவில் பிறந்த ஸோப்ரானோ ஃபாத்மா சயீத் பெர்லினில் படித்து, இத்தாலியின் பெரிய ஆபரா அரங்கான லா ஸ்காலாவில் பாடிவிட்டு, அரபுப் பாட்டும் பாடுகிறார்.

ஆகவே தயவுசெய்து: காலையில் ஆபரா, மாலையில் மக்காம் என்று ஒரே நாளில் முழு ஒத்திகை இரண்டு வைக்காதீர்கள். ஊசல் இல்லாத சுரத்தை முதலில் மெதுவாக, கண்ணாடி முன்னால், கழுத்தைப் பார்த்துக்கொண்டே பாடுங்கள். குரல் கம்மினால் கிசுகிசுக்காதீர்கள், கனைக்காதீர்கள். இஞ்சியும் தேனும் குடிப்பது உங்கள் இஷ்டம். விழுங்குவது உணவுக்குழாய்க்குத்தான் போகும், குரல்நாணைத் தொடாது. கம்மல் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போய், தொண்டைக்குள் பார்க்கும் ஸ்கோப் போட்டுப் பாருங்கள். கச்சேரி முடியட்டும் என்று காத்திருந்து வருகிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மூன்றாவது பெண் இப்போது தினமும் டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து, அதன் வழியே குரல் கொடுத்து ராஸ்த்தை ஊதுகிறார். நேற்று மூன்றாவது சுரம் சரியாக வந்து நின்றது. கழுத்தைப் பார்த்தேன், அசையவில்லை.