சம்பள வேலையை விட்டு மனைத் தரகுக்கு வருபவர் அறிய வேண்டிய விதிகள்

மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு, வீடு மனை விற்பனையில் கமிஷன் முகவராக இறங்குபவருக்கென்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வருமான வரி, ஜிஎஸ்டி, வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) ஆகியவற்றின் விதிகள் சேர்ந்தே அவரைக் கட்டுப்படுத்துகின்றன. இதுவரை நிறுவனத்தின் கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்ட வேலைகள் எல்லாம் இனி அவர் தலையில்தான். அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தொழிலில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ரெரா பதிவு முதல் விற்பனைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்; காப்பீட்டு ஏற்பாடுகளை வேலையை விடும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 9இன்படி, ரெராவில் பதிவான திட்டத்தில் ஒரு மனையையோ அடுக்குமாடி வீட்டையோ விற்றுத் தர முன்வரும் முகவர் தமது பெயரையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான விண்ணப்பத்தைத் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் இணையதளத்தில் அளிக்கலாம். முகவர் என்பதற்குச் சட்டம் தரும் பொருள் மிகவும் விரிவானது: ஊதியமோ கமிஷனோ பெற்றுக்கொண்டு, எந்த ஊடகத்தின் வழியாகவேனும் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தி வைப்பவரும் முகவரே. ஆகவே, வாட்ஸ்அப் குழுவில் லேஅவுட் படத்தைப் பகிர்ந்து ஆள் பிடித்துக் கொடுப்பவர், 'நான் பகுதிநேரமாகத்தான் செய்கிறேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. பதிவின்றிச் செயல்பட்டால், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம்; அது அந்தச் சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை போகலாம். பலருக்கு அது கிடைக்கும் கமிஷனைவிடப் பெரிய தொகை. 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும், 8 வீடுகளுக்கு மிகாத கட்டடங்களுக்கும் ரெரா பதிவு தேவையில்லை. பழைய வீட்டின் மறுவிற்பனையும் இந்தப் பிரிவுக்குள் வராது.

பதிவு எண் கிடைத்தபின், முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் அதைக் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகங்களைப் பராமரிக்க வேண்டும். பதிவு செய்யப்படாத திட்டத்தை விற்க உதவுவதும், இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்வதும் தடை செய்யப்பட்டுள்ளன. 'பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்' என்று அச்சிடும் வழக்கம் நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. அந்தத் துண்டறிக்கையில் உங்கள் பதிவு எண்ணும் இருந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்கு நீங்களும் பொறுப்பு. முன்பணத்திலும் கவனம் தேவை: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் (திட்டத்தை உருவாக்கி விற்கும் நிறுவனம்) வாங்கக் கூடாது.

கமிஷன் எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பதை ரெரா சட்டம் வரையறுக்கவில்லை; 1 முதல் 2 சதவீதம் என்பதெல்லாம் வழக்கம்தான். விகிதம், பணம் தரும் கட்டம் (முன்பதிவின்போதா, பத்திரப்பதிவுக்குப் பிறகா), வாங்குபவர் பின்வாங்கினால் என்ன ஆகும் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. கமிஷன் வராமல் நீதிமன்றம் போக நேர்ந்தால் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சை அங்கே நிரூபிப்பது கடினம்.

அடுத்தது வரி. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதக் கமிஷன் 1,20,000 ரூபாய் என்றால், அதைத் தரும் நிறுவனம் 2 சதவீதம், அதாவது 2,400 ரூபாய், டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கப்படும் வருமான வரி) பிடித்துக்கொண்டு 1,17,600 ரூபாய் தரும். 2024 செப்டம்பர் வரை இந்த விகிதம் 5 சதவீதமாக இருந்தது. ஒரே நிறுவனம் ஓர் ஆண்டில் தரும் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் பிடித்தம் இல்லை; பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதம்.

இங்கே பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. சிறு வணிகர்கள் விற்றுமுதலில் 8 சதவீதத்தையோ 6 சதவீதத்தையோ லாபமாகக் காட்டிக் கணக்கை முடித்துக்கொள்ளும் அனுமான வரித் திட்டம், கமிஷன் மற்றும் தரகு வருமானத்துக்குப் பொருந்தாது. பெட்ரோல், தொலைபேசி, விளம்பரம், பதிவுக் கட்டணம் என்று உண்மையான செலவுகளைக் கழித்து, நிகர லாபத்தைக் காட்ட வேண்டும். ரசீதுகளை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும். சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு இனி இல்லை. டிடிஎஸ் போக மீதமுள்ள ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரும் என்றால், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் நான்கு தவணைகளாக முன்கூட்டியே கட்ட வேண்டும். தவறினால் வட்டி சேரும். நான்கு மாதம் ஒன்றும் வராமல் ஐந்தாம் மாதம் மொத்தமாக வரும் தொழிலில், கமிஷன் வந்த அன்றே வரிக்கு ஒரு பங்கை எடுத்து வைக்காவிட்டால் மார்ச்சில் திணற நேரும்.

ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தரகுக்கு வரி 18 சதவீதம். இங்கே விற்றுமுதல் என்பது சொத்தின் விலை அல்ல, டிடிஎஸ் பிடிப்பதற்கு முந்தைய கமிஷன் தொகை. அதே பெயரில் கடை வாடகை வந்தால் அதுவும் இதில் சேரும்.

வேலையை விடும்போது எழும் உரிமைகளில் முதலாவது பணிக்கொடை (கிராஜுவிட்டி). 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவர் தாமாக விலகினாலும் அது உண்டு: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய், சேவை 6 ஆண்டுகள் என்றால் 90,000 ரூபாய். நான்கே கால் ஆண்டில் ராஜினாமா எழுதுபவர் காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

பி.எஃப். பணத்தை அவசரப்பட்டு எடுக்காமல் இருப்பதே என் பரிந்துரை. மொத்தச் சேவை 5 ஆண்டுகளுக்குக் குறைவாக இருக்கும்போது எடுத்தால் அதற்கு வரி உண்டு. 2025 அக்டோபரில் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் வாரியம் எடுத்த முடிவின்படி, வேலை போனவுடன் 75 சதவீதம் வரை எடுக்கலாம்; முழுத்தொகைக்கு 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும். கணக்கில் விட்டுவைத்தால் வட்டி தொடர்ந்து சேரும், ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. ஓய்வூதியச் சேவை 10 ஆண்டுகள் ஆகியிருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் பெறும் தகுதி நிலைத்துவிடும். பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை தரும் காப்பீடு மட்டும் விலகலோடு நின்றுவிடும். அதற்கு ஈடாக ஒரு டேர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு) எடுக்காமல் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது சரியாகாது.

நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டாளரின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் உரிமையும் உண்டு. ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குக் காப்பீடு தொடங்கும் முன் காத்திருக்க வேண்டிய காலம்) அதில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்பதால், கடைசி வேலை நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சொந்த வீட்டுக்குக் கடன் வாங்கும் எண்ணம் இருப்பவர்களும் இதே வரிசையில் யோசிக்கலாம்: சுயதொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக 2 அல்லது 3 ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கின்றன, முதல் ஆண்டு முகவரிடம் அது இருக்காது.