ஆஸ்டெரிட்டி: சிக்கனமா, ஒறுப்பா?

'ஆஸ்டெரிட்டி' என்று செய்தியில் வந்தால் 'சிக்கன நடவடிக்கை' என்று எழுதிப் பழகிவிட்டோம். பாதிதான் சரி.

கிரேக்க மொழியில் 'ஆஸ்டெரோஸ்' என்பது நாக்கை வறளவைக்கும் சுவை. நம் துவர்ப்பேதான். (தமிழிலும் துவர்தல் என்றால் உலர்தல், நாஞ்சில் நாட்டில் தலை துவட்டும் துண்டுக்குத் 'துவர்த்து' என்றே பெயர்.) லத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தபோது கடுமை, துறவொழுக்கம் என்று பொருள் விரிந்தது. அரசாங்க நிதிக்கு அது வந்து சேர்ந்தது வெகு பிற்பாடு.

நிதித்துறையில் இதன் பொருள், பற்றாக்குறையைச் சுருக்க அரசு செலவை வெட்டுவதும் வரியை ஏற்றுவதும். 'சிக்கனம்' என்ற சொல்லில் வரிக்கு இடமே இல்லை. கிரீஸ் 2010இல் ஓய்வூதியத்தை வெட்டியது. அதே ஆண்டில் மதிப்புக் கூட்டு வரியை 19 விழுக்காட்டிலிருந்து 23க்கு ஏற்றியது. ஓய்வூதியம் குறைந்தவர் கடைக்குப் போவதைக் குறைத்தார், கடைக்காரர் ஆளைக் குறைத்தார், அரசுக்கு வரவேண்டிய வரியும் குறைந்தது. 2008க்கும் 2013க்கும் இடையில் பொருளியல் ஏறத்தாழ கால் பங்கு சுருங்கியதால், நாட்டு வருமானத்தோடு ஒப்பிட்ட அரசுக் கடன் விகிதம் இறங்குவதற்குப் பதில் ஏறியது. இந்தப் பாதிப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக அனைத்துலகப் பண நிதியத்தின் பொருளியலாளர்களே 2013இல் எழுதினார்கள்.

வீட்டுக்குச் சிக்கனம் நல்ல குணம். மக்கள் மேல் சுமத்தப்படும் வெட்டுக்கு அந்த நல்ல பெயரைக் கொடுப்பானேன்? 'நிதி ஒறுப்பு' பொருந்தும். ஒறுத்தல் என்றால் வருத்துதல், தண்டித்தல். தவக்கால ஒறுத்தலைக் கத்தோலிக்கர்கள் அறிவார்கள்.

சிங்கப்பூரில் கோவிட் பரவிய 2020இல் அமைச்சர்கள் மூன்று மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதைத் தாராளமாகச் சிக்கனம் எனலாம், ஒறுப்பு அல்ல. ஏனென்றால் அந்த ஆண்டில் அரசின் செலவு ஏறியது: பிப்ரவரி முதல் மே வரை நான்கு வரவு செலவுத் திட்டங்கள், ஏறத்தாழ 100 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). முந்தைய அரசுகள் சேர்த்துவைத்த கடந்தகாலக் கையிருப்பிலிருந்து 52 பில்லியன் வரை எடுக்க அப்போதைய அதிபர் ஹலிமா யாக்கோப் இசைந்தார். கிருமி முறியடிப்புக் காலத்தில் (கோவிட் முடக்கத்துக்கு அங்கே வைத்த பெயர்) உள்ளூர் ஊழியரின் முதல் 4,600 வெள்ளிச் சம்பளத்தில் 75 விழுக்காட்டை அரசே ஏற்றது. 2009இல் இதே வழியில் எடுத்த 4 பில்லியனை 2011இல் திருப்பி வைத்தார்கள்.

1999இல் மத்திய சேம நிதியில் (ஊழியரின் கட்டாயச் சேமிப்பு) முதலாளிகள் செலுத்தும் பங்கு 20 விழுக்காட்டிலிருந்து 10க்கு இறங்கியதையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதுண்டு. ஊழியருக்கு வலித்தது உண்மை. ஆனால் அதன் நோக்கம் நிறுவனங்களின் சம்பளச் செலவைக் குறைப்பது, அரசின் பற்றாக்குறையை அடைப்பது அல்ல. அதற்குச் 'சந்தா குறைப்பு' என்பதே சரி.