ராஜமாதாவின் பல்லில் இரண்டு எழுத்து பேதம்

ஆயிரம் ஆண்டுப் பழைய எலும்பை வைத்து, இன்னார் இன்னாரின் பிள்ளைதான் என்று அடித்துச் சொல்ல முடியுமா? எங்கேனும் ஒரு அரச கல்லறையைத் திறந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். ஆம் என்று சொல்வது கஷ்டம், இல்லை என்று சொல்வது சுலபம். டென்மார்க்கின் ரொஸ்கில்ட் பேராலயத்தில் நடந்த சோதனை இதை நன்றாகவே காட்டுகிறது.

ஸ்வென் எஸ்ட்ரிட்சன் 1047 முதல் டென்மார்க்கை ஆண்டவர். அப்பா உல்ஃப் பெரிய பிரபு, ஆனால் ராஜாவின் மகன் அல்ல. அம்மா எஸ்ட்ரிட்தான் இங்கிலாந்தையும் சேர்த்து ஆண்ட கனூட்டின் சகோதரி. அரியணைக்கான பாத்தியதை அம்மா வழியில் வந்ததால், எல்லோரும் அப்பா பெயரைச் சுமந்த நாட்டில் இவர் ‘எஸ்ட்ரிட்டின் மகன்’ என்றே அறியப்பட்டார். நார்வே ராஜா ஹாரால்ட் ஹார்ட்ராடா அந்த உரிமையை ஏற்காமல் 1064 வரை சண்டை போட்டார். ஸ்வென் இறந்தது 1076இல். 1074 என்போரும் உண்டு. அவர் உடல் ரொஸ்கில்ட் பேராலயத்தில் இருக்கிறது. பலிபீடப் பகுதிக்கு எதிர்ப்புறத் தூணுக்குள் இருப்பது எஸ்ட்ரிட் என்பது மரபு. அது அவர்தானா என்று வரலாற்றாசிரியர்களுக்கு நெடுநாளாகவே சந்தேகம்.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே வரும் என்பது பள்ளிப்பாடம். டி.என்.ஏ. என்பது நான்கே வேதி எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. மைட்டோகாண்ட்ரியாவில் அதன் நீளம் சுமார் 16,569 எழுத்து. ஒரு செல்லில் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே பழைய உடலில் ஏதாவது மிஞ்சியிருந்தால் இது மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். ஆய்வாளர்கள் ஸ்வென், தூணுக்குள் இருந்தவர் ஆகிய இருவரின் பற்கூழிலிருந்தும், அதாவது பல்லுக்குள் இருக்கும் மென்திசுவிலிருந்தும், மாதிரி எடுத்தார்கள். எனாமலும் பல்லின் உடலும் மூடிக் காப்பதால், தொட்டவர்களின் டி.என்.ஏ. அங்கே போய்ச் சேர்வது அரிது.

படிக்க வேண்டியது அதிகம் மாறும் பகுதியில் சுமார் 400 எழுத்து. அதை ஒரே துண்டாகப் பெருக்க முடியாது, ஏனென்றால் இத்தனை பழைய டி.என்.ஏ. பொடிப்பொடியாக உடைந்திருக்கும். அதனால் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி நான்கு துண்டுகளாகப் பி.சி.ஆர். என்ற நகலெடுத்துப் பெருக்கும் முறையைச் செய்தார்கள். படியும் இடங்களில் எழுத்துகள் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ தவறு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இனி வருவதுதான் அழகான பகுதி. செத்த செல்லில், நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் தண்ணீரோடு வினைபுரிந்து, அமினோ தொகுதியை இழந்து, யுராசில் ஆகிவிடும். பி.சி.ஆர். நொதி யுராசிலைத் தைமின் என்ற இன்னொரு எழுத்தாகவே படிக்கும். ஆக, காலமே சைட்டோசினைத் தைமினாகத் திருத்தி எழுதிவிடக்கூடும். இதைப் பிடிக்க, பெருக்கிய துண்டுகளைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து நகலாக்கினார்கள். ஒரு பாக்டீரியாக் குடியில் (காலனியில்) வளர்வது ஒரே ஒரு மூலக்கூறின் வாரிசு. பல குடிகளைத் தனித்தனியே படித்தால், சிதைவால் வந்த பிழை ஒன்றிரண்டு குடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். பிறவியிலேயே இருந்த எழுத்து எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வரும். முடிவுகளை வேறொரு ஆய்வகமும் தனியே சரிபார்த்தது.

2007இல் வெளியான முடிவு இது: வரிசை எண் 16093, 16304 ஆகிய இரு இடங்களில் ஸ்வெனுக்குத் தைமின், தூணுக்குள் இருந்த பெண்ணுக்குச் சைட்டோசின். சிதைவு தைமினைச் சைட்டோசினாக மாற்றாது, எனவே அந்தப் பெண்ணின் எழுத்துகளைச் சந்தேகிக்க இடமில்லை. சந்தேகிக்க வேண்டியவர் ஸ்வென்தான். அவர் சேர்ந்த எச் என்ற தாய்வழி மரபுக் குழு ஐரோப்பாவில் சுமார் 40 சதவீதம் பேரிடம் உண்டு. ஆய்வகத்தில் யாரோ தும்மினாலும் அதே விடை வரலாம். பற்கூழும், பல குடிகளும், இரண்டாவது ஆய்வகமும் தேவைப்பட்டது இவருக்காகத்தான் என்பேன்.

ஒரே ஒரு எழுத்து மட்டும் வேறுபட்டிருந்தால்? முடிவு சொல்லாமல் விட்டிருப்பார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே எப்போதாவது ஒரு சடுதிமாற்றம் நேரும். அதிலும் 16093 அடிக்கடி மாறும் இடம் எனப் பெயர் பெற்றது. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் எலும்பில் 16169ஆம் இடத்தில் இரண்டு எழுத்துகள் கலந்து கிடந்ததால், 1990களில் சிக்கல் தீரவே சில ஆண்டுகள் ஆயின. அவர் தம்பியின் உடலிலும் அதே கலப்பு தெரிந்த பிறகுதான் சந்தேகம் போனது. அந்த மைட்டோகாண்ட்ரியா அவர்களுக்கு வந்ததும் அவர்களின் அம்மாவான டென்மார்க் இளவரசி தாக்மர் வழியாகத்தான். ரொஸ்கில்டில் பேதம் இரண்டு. அதிலும் 16304 ஒரு கிளையின் அடையாளம். அந்தப் பெண் எச்5ஏ என்ற உட்பிரிவு. எலும்பும் பல்லும் சுமார் 35 வயது என்றன, எஸ்ட்ரிட்டோ எழுபதை ஒட்டி வாழ்ந்தவராகக் கணக்கு. தூணுக்குள் இருப்பவர் ஸ்வெனின் அம்மா அல்ல.

இரண்டும் பொருந்தியிருந்தாலும் தாய் என்று நிரூபணம் ஆகியிருக்காது. தாய்வழிச் சித்தியும் பெரியம்மாவும் அதே எழுத்துகளைத்தான் வைத்திருப்பார்கள். ‘நீங்கள் வைக்கிங் ராஜாவின் குழுவைச் சேர்ந்தவர்’ என்று சான்றிதழ் விற்கும் பரிசோதனைப் பெட்டிகளை இதனால்தான் காசுக்குப் பிடித்த கேடு என்கிறேன்.

தந்தைவழிச் சண்டைகளுக்கு இந்த முறை உதவாது. ஸ்வெனுக்குப் பல பெண்களிடம் ஏறத்தாழ இருபது பிள்ளைகள், அவர்களில் ஐந்து மகன்கள் அடுத்தடுத்து ராஜாக்கள். ஒடென்சேயில் எலும்பாக இருக்கும் புனித கனூட் அவர்களில் ஒருவர். அவரை ஸ்வெனோடு ஒப்பிட, அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோம் வேண்டும். அது ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்று, பழைய எலும்பில் கிடைப்பது அந்த அளவுக்குக் கடினம். நார்வேயில், முறைப்படி பிறந்தாலும் பிறக்காவிட்டாலும் ராஜாவின் மகன் அரியணை கேட்கலாம் என்ற வழக்கம் இருந்ததால் ‘நானும் அவர் மகன்’ என்று வந்தவர்கள் ஏராளம். 1218இல் நார்வே ராஜா ஹாக்கோன் ஹாக்கோன்சனின் அம்மா இங்கா, மகனின் தந்தை யார் என்பதை நிரூபிக்கப் பெர்கனில் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தினார். கட்டுப்போட்டு, சில நாள் கழித்துப் பிரித்து, புண் சுத்தமாக இருந்தால் சொன்னது உண்மை. எந்தப் புண் சுத்தம் என்று தீர்மானிப்பவர் பாதிரியார் என்பதால், அது அளந்தது உண்மையை அல்ல, யாருக்குச் செல்வாக்கு என்பதை. இரும்புச் சோதனை 1247இல் அங்கே ஒழிந்தது. ஹாக்கோன் புதைக்கப்பட்ட பெர்கன் பேராலயத்தை 1531இல் இடித்துவிட்டார்கள். சோதிக்க இப்போது எலும்பு இல்லை.

தூணுக்குள் இருப்பவர் ஸ்வெனின் மருமகள்களில் ஒருவராக இருக்கலாம். எஸ்ட்ரிட் என்ற பெயர் அரசிகளாக இருந்த இரண்டு மருமகள்களுக்கு உண்டு. எந்த மருமகள் என்று அறிய, அவர் பெற்ற மகனோ மகளோ ஒருவரின் எலும்பு போதும். அதற்காக இன்னொரு பல்லைத் துளைக்க வேண்டியிருந்தால், 400 எழுத்தோடு நிறுத்தாமல் இன்றைய கருவிகளால் முழு மரபணுத்தொகுதியையும் ஒரே தடவையில் படித்துவிட வேண்டும். இன்றைய முறைகளுக்கு 50 எழுத்துத் துண்டுகளே போதும்.