ஏழு மணியா, ஏளு மணியா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் ஒரு அம்மா போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பத்து வயது மகள், தாராவியிலிருந்து வரும் பள்ளித் தோழியோடு பழகிப் பழகி 'வாளப்பளம்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாளாம். "தமிழ் கெட்டுப்போகுதே, திருத்தணுமா?" என்றார். குரலில் உண்மையான கவலை இருந்தது.

முதலில் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ழ சொல்லும்போது நாக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்துக்குக் கிட்டே போகும், ஆனால் தொடாது. காற்று நடுவிலேயே வெளியே வந்துவிடும். தொட்டுவிட்டால் காற்று நாக்கின் இரண்டு பக்கமும் பிரிந்து வரும், அது ள. மயிரிழை தூரம்தான் வித்தியாசம். திருநெல்வேலி, மதுரைப் பக்கம் பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிட்டது, சென்னைப் பேச்சிலோ அது ய ஆகி 'வாயப்பயம்' என்று வரும். தாராவித் தமிழர்களில் நிறையப் பேரின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை, மாட்டுங்காவுக்கு வந்தவர்களில் பலர் தஞ்சாவூர், பாலக்காட்டு பிராமணக் குடும்பத்தினர். நடுவில் ரயில் தண்டவாளம், நடந்தே போய்விடலாம், ஆனாலும் ஒரு பழத்துக்கு இரண்டு உச்சரிப்பு.

சரி, யார் எப்போது எப்படிச் சொல்கிறார்கள் என்று எப்படி அளப்பது? 'நீங்க ழ சொல்வீங்களா?' என்று நேரே கேட்டால் எல்லாரும் உடனே தமிழ் வாத்தியார் முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து பேசுவார்கள். கவனிக்கப்படாதபோது மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும், ஆனால் கவனித்தால்தான் தெரியும். இந்த முடிச்சை அவிழ்க்க 1962இல் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியலாளர் நியூயார்க்கில் செய்த காரியத்தை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அந்த ஊரில் சிலர் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் 'ர்' ஒலியை விட்டுவிடுவார்கள், சிலர் சொல்வார்கள். லபோவ் மூன்று பல்பொருள் கடைகளைத் தேர்ந்தெடுத்தார்: பணக்காரர்கள் போகும் சாக்ஸ், நடுத்தர மக்களின் மேசிஸ், விலை மலிவான எஸ். க்ளைன். நாலாவது மாடியில் என்ன விற்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, கீழே நிற்கும் ஊழியரிடம் போய் 'பெண்கள் செருப்பு எங்கே?' என்பதுபோல ஒரு கேள்வி கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும், அந்த இரண்டு சொல்லிலும் ஒவ்வொரு ர் இருக்கிறது. காது கேட்காதவர்போல முன்னால் சாய்ந்து 'என்ன சொன்னீங்க?' என்பார். இப்போது அதே இரண்டு சொல் அழுத்தம் திருத்தமாக வரும். ஆக, ஒரே ஆளிடமிருந்து நாலு ர், அதில் இரண்டு அசட்டையாகச் சொன்னது, இரண்டு அக்கறையாகச் சொன்னது. நன்றி சொல்லிவிட்டு, ஆள் கண்ணில் படாத இடத்துக்குப் போய்க் குறித்துக்கொள்வார், அவ்வளவுதான். ஆறரை மணி நேரத்தில் 264 பேர்!

சாக்ஸில் 62 சதவீதம் பேர் ஒரு தடவையாவது ர் சொன்னார்கள், மேசிஸில் 51, க்ளைனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். மூன்று கடை ஊழியர்களின் சம்பளம் இதே வரிசையில் ஏறி இறங்கவில்லை, வாடிக்கையாளரின் அந்தஸ்து இவர்கள் நாக்கிலும் ஏறியிருந்தது. இதில் என்னை அசத்துவது அந்த இரண்டாவது பதில்தான். மேசிஸ்காரர்கள் திருப்பிச் சொல்லும்போது ர் சட்டென்று கூடியது, அதாவது எது 'உயர்ந்த' உச்சரிப்பு என்று அவர்களுக்குத் தெரியும், அது நாக்கின் நுனியில் தயாராகவே இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் அதே ர்-ஐ விடுவதுதான் மேட்டிமை! ஒலிக்கென்று உயர்வு தாழ்வு கிடையாது, அதைச் சொல்பவர்களுக்குச் சமூகம் கொடுக்கும் மரியாதைதான் ஒலி மேல் படிகிறது.

அந்த அம்மா கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தாராவி 90 அடி சாலையில் ஒரு மளிகைக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டே கேட்டேன்: "அண்ணாச்சி, காலையில எத்தன மணிக்குக் கடை தெறப்பீங்க?" தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஏளு மணிக்கு" என்றார். "எத்தன மணி?" என்றேன். தராசை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "ஏழு மணிக்குத் தம்பி" என்றார். அத்தனை சுத்தமான ழ! ஒரு கடையை வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ழ அவரிடம் எப்போதும் இருந்திருக்கிறது.

நம் பக்கத்திலும் இதைத் தீவிரமாகப் பார்த்திருக்கிறார்கள். மொழியியலாளர்கள் வில்லியம் பிரைட்டும் ஏ.கே. ராமானுஜனும் 1964இல் வெளியான கட்டுரையில் தமிழ், கன்னடம், துளு மூன்றிலும் சாதிவாரிப் பேச்சை ஒப்பிட்டார்கள். எழுத்து மரபு உள்ள தமிழிலும் கன்னடத்திலும் பிராமணப் பேச்சு பழைய ஒலிகளைக் கூடுதலாகப் பிடித்து வைத்திருந்தது. எழுத்து பரவலாகப் புழங்காத துளுவில் பிராமணர், மற்றவர் என இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரேபோல மாறியிருந்தன. எழுத்தறிவுதான் ஒலி மாற்றத்துக்குத் தடை போட்டிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அப்படியானால் ள என்று சொன்ன பாட்டனுக்கு நாக்கில் கோளாறு கிடையாது, அவருக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உச்சரிப்பை வைத்து ஆளை எடைபோடுபவர்களிடம் எனக்குக் கோபமே வருவது இதனால்தான்.

இந்த மாதிரி ஆய்வுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஒலிப்பதிவுக் கருவி, நல்ல காது, ஒரு மாணவருக்கு ஓராண்டு உதவித்தொகை, லோக்கல் ரயில் பாஸ் இருந்தால் மும்பைத் தமிழின் இரண்டு மூன்று தலைமுறையைப் பதிவு செய்துவிடலாம். அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி பல்கலைக்கழகங்களை நாம் நச்சரிக்க வேண்டும், ஏனென்றால் முதலில் வந்து குடியேறியவர்களின் பேச்சு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

அந்த அம்மாவிடம் கேட்டேன், நீங்கள் 'வீட்டில்' என்பதற்கு 'ஆத்துல' என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்தது என்று. அகம் தேய்ந்து ஆம் ஆனது, அகத்தில் என்பது ஆத்துல ஆனது, அதை யாரும் கெட்டுப்போன தமிழ் என்று சொல்வதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் மகளைக் கூப்பிட்டு, ஊரிலிருக்கும் பாட்டிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன், "பாட்டி, இன்னிக்கு வாழைப்பழம் சாப்பிட்டேன்" என்றாள்.